கடல் உயிரியல் படிக்க ஆசையா? எந்தப் படிப்பு, எந்த வேலை என்று முடிவெடுக்க

பிளஸ் டூ முடிவுகள் வரும் நாட்களில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே என்னிடம் வரும். "கடல் உயிரியல் படிக்கணும், எங்கே சேரலாம்?" என்று பிள்ளை கேட்கும். "அதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று பக்கத்தில் நிற்கும் அப்பாவோ அம்மாவோ கேட்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஒரு கல்லூரியின் பெயரை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டால்பின் பிடிக்கும், ஆமை பிடிக்கும், பவளப்பாறை பிடிக்கும் என்பதை வைத்து இந்தத் துறையில் பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த மாதிரி நாளை உங்களால் வருடக்கணக்கில் வாழ முடியும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே விலங்கைச் சுற்றி ஐந்தாறு விதமான வாழ்க்கைகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று கொஞ்சமும் ஒட்டாதவை அவை.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. அந்த ஒரு நிகழ்வில் யார் யாருக்கு என்ன வேலை இருந்தது என்று பாருங்கள். தன்னார்வலர்கள் கரையோரம் நடந்து உடல்களை எண்ணினார்கள். ஆமை முட்டையிடும் காலம் முழுக்க இரவில் கடற்கரையில் நடப்பதை 1988 முதல் செய்துவரும் மாணவர் அமைப்பு சென்னையில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டப்படி ஆமை வனத்துறையின் பொறுப்பு. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்ற விதி தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உண்டு. அதைச் செயல்படுத்த வேண்டியது மீன்வளத் துறை. வலைக்குள் வந்த ஆமை தானாக வெளியேற வழிவிடும் சாதனத்தை நம் இழுவலைகளுக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்தது கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். அப்புறம் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தீர்ப்பாயத்துக்குப் போகும் அறிக்கைகளையும் யாரோ எழுத வேண்டும். எண்ணியவர், சட்டத்தைச் செயல்படுத்த வேண்டியவர், வலையை வடிவமைத்தவர், அறிக்கை எழுதியவர் என்று எல்லாருமே கடல் உயிரியலோடு தொடர்புள்ளவர்கள்தான். ஆனால் ஒருவர் செய்த படிப்பை வைத்து இன்னொருவர் நாற்காலியில் உட்கார முடியாது. அந்தப் பிரிவு பிளஸ் டூவிலேயே தொடங்கிவிடுகிறது.

முதல் முடிவு: மீன்வளமா, விலங்கியலா?

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் யோசிக்காமல் சேர்ந்துவிடுகிறார்கள். "கடல் உயிரியல்" என்ற பெயரைத் தேடுகிறார்கள். இளங்கலையில் அந்தப் பெயர் அரிது என்பதால் பி.எஸ்சி விலங்கியலில் சேர்கிறார்கள். பி.எஃப்.எஸ்சி என்ற நான்கு ஆண்டு மீன்வள அறிவியல் பட்டம் இருப்பது பலருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகிறது. அப்போது காலம் கடந்திருக்கும்.

பி.எஃப்.எஸ்சி தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. தலைமையகம் நாகப்பட்டினம், தொடங்கியது 2012இல். ஆனால் அதன் மூத்த கல்லூரியான தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும், மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை; நீட் வேண்டாம். பெயரில் மீன் இருந்தாலும் பாதிப் படிப்பு கடலைப் பற்றியதல்ல. குளத்தில் கெண்டை வளர்ப்பது, தீவனக் கணக்கு, மீன் நோய், பதப்படுத்தல், குளிர்பதனம், கொஞ்சம் பொறியியல், கொஞ்சம் பொருளாதாரம், மீனவ கிராமங்களில் தங்கிச் செய்யும் பயிற்சி என்று போகும். பவளத்தின் பரிணாமத்தைப் பற்றிக் கனவு கண்டு வந்த பிள்ளைக்கு முதல் இரண்டு ஆண்டுகள் ஏமாற்றமாக இருக்கலாம்.

பி.எஸ்சி விலங்கியல் மூன்று ஆண்டு. உங்கள் ஊர்ப் பக்கத்து அரசுக் கல்லூரியிலேயே படித்துவிடலாம், செலவு குறைவு. செல், மரபியல், பரிணாமம், சூழலியல் என்று அடிப்படை அறிவியல் ஆழமாக வரும். முதுகலையில் கடல் உயிரியலுக்குப் போகலாம், பிடிக்கவில்லை என்றால் வேறு பக்கமும் திரும்பலாம்.

இதுவரை இரண்டும் சமம் போலத் தெரியும். வேறுபாடு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பி.எஃப்.எஸ்சி முடித்தவர் பல பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி கடல் உயிரியலுக்கும் விண்ணப்பிக்கலாம், மீன்வள முதுகலையான எம்.எஃப்.எஸ்சிக்கும் போகலாம். விலங்கியல் முடித்தவருக்கு எம்.எஃப்.எஸ்சி கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் உட்பட பெரிய இடங்கள் நான்கு ஆண்டு மீன்வளப் பட்டத்தைத்தான் கேட்கின்றன. அதாவது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகலாம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவது கடினம். பதினேழு வயதில் தன் மனம் எங்கே நிற்கும் என்று உறுதியாகத் தெரியாத பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வேலையும் அப்படித்தான். மீன்வளப் பட்டத்தோடு மாநில மீன்வளத் துறைப் பணிகள் மட்டுமல்ல, வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வும் எழுதலாம். மீன் ஏற்றுமதி நிறுவனங்கள், தீவன நிறுவனங்கள், குஞ்சு பொரிப்பகங்கள் எல்லாமே இந்தப் பட்டத்தைத் தெரிந்து வைத்திருக்கின்றன. வீட்டில் அடுத்த தம்பி தங்கை படிக்கக் காத்திருக்கிறார்கள், 22 வயதில் சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பி.எஃப்.எஸ்சி. மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் என்றால் இன்னும் அழுத்திச் சொல்வேன்: பெரியவர்கள் கடலில் கற்றதும் நீங்கள் வகுப்பில் கற்பதும் சேரும்போது உங்களுக்கு இருக்கும் பலம் நகரத்திலிருந்து வரும் யாருக்கும் இருக்காது.

விலங்கியலை யாருக்குச் சொல்வேன்? ஒரு உயிர் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வி தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு. கடற்பஞ்சுக்குள் என்ன பாக்டீரியா வாழ்கிறது, ஒரே மாதிரி தோன்றும் இரண்டு நண்டுகள் ஒரே இனமா என்று தேடப் போகிறவர்களுக்கு. அவர்களுக்கு மீன் பதப்படுத்தல் பாடம் சுமைதான். ஆனால் அவர்கள் முனைவர் பட்டம் வரை போகத் தயாராக இருக்க வேண்டும். பி.எஸ்சியோடு நின்றால் கடல் சார்ந்த வேலை கிட்டத்தட்ட இல்லை. எம்.எஸ்சியோடு நின்றாலும் வாய்ப்புகள் குறைவுதான். இதை மறைத்து யாருக்கும் நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை.

முதுகலை: கடலுக்கு எவ்வளவு பக்கம்?

தமிழில் இதைப் பற்றிப் பேசினால் பரங்கிப்பேட்டையைத் தாண்டிப் போக முடியாது. கடலூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில், வெள்ளாற்று முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா தொடங்கி வளர்த்த நிலையம் அது. ஆறு, முகத்துவாரம், கடல், பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு என்று நான்கு வகை நீரும் சில கிலோமீட்டருக்குள் கிடைக்கும். ஒரு மாணவர் காலையில் மிதவை உயிரிகளை வலையில் அள்ளி மதியத்துக்குள் நுண்ணோக்கியில் உயிரோடு பார்க்க முடிகிற இடங்கள் நாட்டிலேயே அதிகம் இல்லை. அலையாத்திக் காடுகள் பற்றி இந்தியாவில் யார் எதை எழுதினாலும் இங்கிருந்து வந்த ஆய்வுகளைத் தொடாமல் எழுத முடியாது.

மற்ற இடங்களும் உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம் பாக் விரிகுடாக் கரையிலேயே இருக்கிறது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ராஜாக்கமங்கலத்தில் மையம் உண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் பக்கம் பலமானது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை அந்தமானின் போர்ட் பிளேரில் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இருக்கிறது. பவளம்தான் வாழ்க்கை என்று முடிவு செய்தவர்கள் அந்தமானை முதலில் யோசிக்கலாம்: மன்னார் வளைகுடாவில் பாறைகள் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன, நீரும் பல மாதம் கலங்கலாக இருக்கும், அந்தமானில் தெளிவும் அதிகம், இனங்களும் அதிகம். இலங்கையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் துறையும், மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்தில் தனிப் பீடமும் உண்டு.

இடங்களை ஒப்பிடும்போது தரவரிசைப் பட்டியலைப் பார்க்காதீர்கள். அங்கே இப்போது படிக்கும் ஒருவரைப் பிடித்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கடந்த பருவத்தில் எத்தனை முறை கடலுக்கு அழைத்துப் போனார்கள்? படகு சொந்தமா, ஓடுகிறதா? இனங்களை அடையாளம் காணக் கற்றுத்தர அங்கே யார் இருக்கிறார்கள்? இந்த மூன்றாவது கேள்வி மிக முக்கியம். டி.என்.ஏ இயந்திரம் எங்கும் வாங்கலாம். ஒரு சங்கையோ புழுவையோ கையில் எடுத்து இன்னது என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள், அந்த இடங்கள் நிரம்புவதில்லை. அப்படி ஒருவர் இருக்கும் துறையில் சேர்ந்தால் உங்களுக்கு வாழ்நாள் முழுக்க உதவும் கல்வி கிடைக்கும்.

ஆராய்ச்சி வாழ்க்கை

சரி, முதுகலை முடிந்தது. இப்போது உண்மையான பிரிவு. ஆராய்ச்சிக்குப் போகிறவர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையோடு தேறினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. வீட்டு வாடகைப்படி தனி. இந்த உதவித்தொகை இல்லாமல் ஒரு திட்டத்தில் சேர்ந்து ஆய்வு செய்வது இன்னொரு வழி. ஆனால் திட்டம் முடியும் நாளில் சம்பளமும் நின்றுவிடும். ஆய்வேடு பாதியில் நிற்க, அடுத்த திட்டத்தைத் தேடி ஊர் மாறியவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய. உதவித்தொகை கிடைக்கும் வரை இன்னும் ஒரு முறை தேர்வு எழுதுங்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். அந்த ஆறு மாதம் வீணாகாது.

நாள் எப்படி இருக்கும்? மீன்வள உயிரியல் என்றால் விடியற்காலை இறங்குதளத்தில் தொடங்கும். சம்மாட்டி என்ற படகு உரிமையாளரிடமும் தரகரிடமும் பேசி, ஏலம் போவதற்குள் பத்து நிமிடத்தில் காரல், சூடை மீன்களை அளந்து எழுத வேண்டும். குளிர் நாடுகளில் மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை வெட்டி, மரத்தின் வளையம் போல வயதை எண்ணிவிடுவார்கள். நம் கடல் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாக இருப்பதால் வளையம் அவ்வளவு தெளிவாக விழாது. அதனால் ஆயிரக்கணக்கான மீன்களின் நீளத்தை மாதாமாதம் அளந்துதான் வளர்ச்சியைக் கணக்கிடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை. அந்த 61 நாளும் தரவும் பாதியாகிவிடும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ராமேசுவரத்துத் தென்கடலில் இறங்க முடியாது, வடகிழக்குப் பருவத்தில் வடகடல் அப்படி. உங்கள் ஆய்வுத் திட்டத்தை நீங்கள் மட்டும் எழுதுவதில்லை, காற்றும் சேர்ந்து எழுதும். மிச்ச நாட்கள் ஃபார்மலின் வாடையிலும் கணினி முன்னாலும் போகும். புள்ளியியல் இல்லாமல் இன்று கடல் உயிரியல் இல்லை. கணக்கு வராது என்பதால் உயிரியல் எடுத்தேன் என்பவர்கள் இந்தப் பாதையில் மிகவும் சிரமப்படுவார்கள்.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்களோ அதற்கு ஏற்ற இடம் மாறும். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கி, ரொம்ப நாள் மண்டபத்தைத் தலைமையிடமாக வைத்திருந்து, 1971இல் கொச்சிக்குப் போனது. மண்டபம், தூத்துக்குடி, சென்னையில் அதன் மையங்கள் உண்டு. அங்கே ஆய்வு என்பது பெரும்பாலும் மீனவருக்குப் பயன்படும் ஆய்வு. 1973இல் தூத்துக்குடியில் கே. அழகர்சாமி குழு சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டியது. 2010இல் மண்டபத்தில் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். ஆழ்கடல், கருவிகள் பக்கம் ஆர்வம் என்றால் சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். கப்பலில் வாரக்கணக்கில் போக ஆசை என்றால் சாகர் சம்பதா ஆய்வுக் கப்பலைக் கவனிக்கும் கொச்சி மையம். உவர்நீர் இறால், கொடுவா என்றால் சென்னையின் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம். பாசி என்றால் மண்டபத்தில் உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம்.

அரசு ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் கடல் அட்டையின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1988இல் தூத்துக்குடியில் டி. பி. ஜேம்ஸ் கடல் அட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்தார். இந்தியாவில் அதுவே முதல்முறை. உலகச் சந்தையில் நல்ல விலை போகும் உயிர். ஆனால் அளவுக்கு மீறிப் பிடித்ததால் 2001இல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குள் போயின. பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. நம் கரையில் அந்தத் தொழில்நுட்பம் பண்ணையாக மாறவில்லை. எதிரே வட இலங்கையில் இன்று கடல் அட்டைப் பண்ணைகள் இருக்கின்றன. அவற்றால் தங்கள் தொழில் பாதிக்கிறது என்று அங்குள்ள மீனவர்கள் எதிர்க்கவும் செய்கிறார்கள். உங்கள் ஆய்வு பலித்தாலும் அது கரைக்கு வருமா என்பது உங்கள் கையில் இல்லை. அதை ஏற்றுக்கொண்டு, பத்து வருடம் ஒரே கேள்வியோடு இருக்க முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாழ்க்கை இல்லை என்று மனதார நம்புகிறேன்.

துறை அதிகாரியாக

மீன்வளத் துறையில் ஆய்வாளர், உதவி இயக்குநர் போன்ற பணிகளுக்குத் தேர்வாணையம் வழியாக ஆள் எடுக்கிறார்கள். ஒவ்வொரு பணிக்கும் கேட்கும் பட்டம் வேறு. அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள். இங்கே மீனைவிட மனிதர்களோடுதான் அதிக நேரம் போகும். படகுப் பதிவு, மானியம், தடைக்கால நிவாரணம், இரு கிராமங்களுக்கு நடுவே வலைத் தகராறு, எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகு என்று நாள் ஓடும். நிலையான சம்பளம், சொந்த மாநிலத்திலேயே வேலை. ஆராய்ச்சி கிடையாது.

வனத்துறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக்கினார்கள். இவற்றை நிர்வகிப்பது வனத்துறை. இந்திய வனப்பணித் தேர்வை விலங்கியல் பட்டதாரி எழுதலாம். கடலைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு வரும் மாணவர்களில் நூற்றில் ஒருவராவது இந்தத் தேர்வை யோசித்தால் நன்றாக இருக்கும். ஒரு தீவைச் சுற்றி என்ன நடக்கலாம், நடக்கக் கூடாது என்று கையெழுத்துப் போடும் இடம் அது. ஆனால் கடலோரத்திலேயே பணி கிடைக்கும் என்று சொல்ல முடியாது, மலைக்காட்டுக்கும் போக வேண்டியிருக்கும்.

குஞ்சு பொரிப்பகமும் பண்ணையும்

உடனே வேலை வேண்டும் என்றால் இதுதான். மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இறால் பொரிப்பகங்கள் வரிசையாக இருக்கின்றன. 2009இல் வனாமி என்ற வெளிநாட்டு இறால் இனத்துக்கு அனுமதி கிடைத்த பின் இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் மையத்தில் சோதிக்கப்பட்டுத்தான் பொரிப்பகத்துக்குப் போகும். வேலை கடினமானது. குஞ்சு இரவு பகல் பார்க்காது. ராத்திரி இரண்டு மணிக்கும் தொட்டியைப் பார்க்க வேண்டும், காற்றுக் குழாய் நின்றால் சில மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். தங்குமிடம், சாப்பாடு கொடுப்பதால் சம்பளம் மிஞ்சும். கைத்திறன் உள்ளவர்கள் சில ஆண்டுகளில் நல்ல நிலைக்கு வருகிறார்கள், சிலர் சொந்தமாகத் தொடங்குகிறார்கள்.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். 1990களில் இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உப்பானதை எதிர்த்து நாகை, தஞ்சைப் பக்கம் மக்கள் போராடினார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புச் சொன்னது. அதே சமயத்தில் வெண்புள்ளி நோயும் வந்து பல பண்ணைகள் ஒழிந்தன. இந்தத் தொழிலுக்குப் போகிறவர் கழிவுநீரை எங்கே விடுகிறோம் என்று கேட்கிறவராகவும் இருக்க வேண்டும். உயிரியல் படித்தவர் கேட்காவிட்டால் அங்கே வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

தொண்டு நிறுவனம், ஆலோசனை நிறுவனம், வெளிநாடு

பவளம், கடற்புல், கடற்பசு, ஆமை இவற்றுக்கு நேரடியாக வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் அரசு சாரா அமைப்புகள். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மன்னார் வளைகுடாவின் பவளங்களையும் கடற்புல்லையும் வருடாவருடம் நீருக்குள் போய்க் கணக்கெடுக்கிறது, அழிந்த இடத்தில் நடுகிறது. 2016இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்து இறந்தபோது இழப்பைக் கணக்கிட முடிந்ததே இந்த மாதிரி நீண்டகாலத் தரவு இருந்ததால்தான். தஞ்சைக் கரையில் ஓம்கார் அமைப்பு கடற்பசுவுக்கும் கடற்புல்லுக்கும் வேலை செய்கிறது. சம்பளம் மிதமானது, நிதி இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் முடிவெடுக்கும் சுதந்திரம் இளம் வயதிலேயே கிடைக்கும். நன்றாக எழுதத் தெரிந்தவர்களும் கிராமத்தில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்களும் இங்கே மலர்கிறார்கள்.

ஆலோசனை நிறுவனங்கள் துறைமுகம், மின்நிலையம், கடல்நீர்க் குடிநீர் ஆலை போன்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதுகின்றன. எம்.எஸ்சி முடித்தவருக்குச் சீக்கிரம் கிடைக்கும் நல்ல சம்பள வேலை இது. சிக்கல் என்னவென்றால் திட்டத்தைக் கொண்டுவருபவரே ஆய்வுக்கும் பணம் கொடுக்கிறார். கண்டதை எழுதும் துணிவும், அதை மேலாளர் வெட்டச் சொன்னால் என்ன செய்வோம் என்ற தெளிவும் முன்பே இருக்க வேண்டும்.

வெளிநாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடன் வாங்கி ஆஸ்திரேலியாவில் முதுகலை படிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இந்தத் துறையின் சம்பளத்தில் அந்தக் கடன் அடைவது கஷ்டம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பிரேமனில் வெப்பமண்டல நீர்ச் சூழலியலுக்கென்றே முதுகலை உண்டு. நம் கடலுக்கு நேரடியாகப் பொருந்தும் படிப்பு. முனைவர் பட்டம் உதவித்தொகையோடு கிடைத்தால் எந்த நாட்டுக்கும் தாராளமாகப் போகலாம்.

பெண்பிள்ளைகளுக்கு

பெற்றோர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது இதைத்தான், அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். முதுகலை வகுப்புகளில் பெண்கள் குறைவில்லை. களத்துக்கு வரும்போதுதான் எண்ணிக்கை குறைகிறது. சின்னப் படகில் கழிப்பறை இருக்காது, இரவுத் தங்கல் வரும், சில ஊர்களில் பெண்ணைப் படகில் ஏற்றத் தயங்குவார்கள். இவை உண்மையான தடைகள். ஆனால் அதே மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் தீவின் சின்னப்பாலம் லட்சுமி, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு உலக அளவில் தரும் சீக்காலஜி பரிசை 2015இல் பெற்றார். கடல் பெண்ணுக்கு ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு அந்தத் தீவுப் பெண்களைக் காட்டுங்கள். ஆய்வு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, அவரிடம் முன்பு ஆய்வு செய்த பெண்களோடு பேசிவிட்டுச் சேருங்கள். களத்தில் இருவராகப் போகும் வழக்கம் உண்டா, தங்குமிடத்துக்கு யார் பொறுப்பு என்று நேராகவே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

சேருவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை

முடிவெடுக்கும் முன் சில அனுபவங்களைக் கட்டாயம் பெற்றுவிடுங்கள். எதற்கும் பெரிய செலவு இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னையில் ஆமை நடைக்குப் போகலாம். பெசன்ட் நகர்ப் பக்கத்திலிருந்து நீலாங்கரை வரை மணலில் இரவு முழுக்க நடப்பார்கள், சில இரவு ஒன்றுமே கிடைக்காது. அது பிடித்திருந்தால் களப்பணி உங்களுக்குப் பிடிக்கும். பக்கத்து இறங்குதளத்துக்கு ஒரு வாரம் தொடர்ந்து விடிகாலையில் போய், வரும் மீன்களின் உள்ளூர்ப் பெயர்களை எழுதி, வீட்டுக்கு வந்து அறிவியல் பெயரைத் தேடுங்கள். சலிக்காமல் செய்ய முடிந்தால் மீன்வள உயிரியல் ஒத்துவரும். ஏதாவது ஒரு பொரிப்பகத்தில் அனுமதி கேட்டு ஒரு இரவு ஷிப்ட் முழுக்க உடனிருந்து பாருங்கள். நீச்சல் தெரியாவிட்டால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். ஸ்கூபா பயிற்சிக்கு அவசரமே இல்லை, தேவைப்படும் வேலை கிடைத்த பின் எடுத்தால் போதும், பல இடங்களில் அவர்களே அனுப்புவார்கள். படகில் ஏறினால் வாந்தி வருகிறதா? அதற்காகக் கனவை விட வேண்டாம். நுண்ணோக்கியும் கணினியும் ஆய்வகமும் சேர்ந்தால் இந்தத் துறையில் பாதி வேலை கரையில்தான் நடக்கிறது.

பெற்றோருக்கு ஒரு கணக்கு. மீன்வளப் பாதையில் நான்கு ஆண்டு; அதன்பின் பிள்ளை சம்பாதிக்கலாம். விலங்கியல், முதுகலை, முனைவர் பாதையில் பத்து ஆண்டுக்குக் குறையாது. அதில் முதல் ஐந்து ஆண்டுச் செலவு உங்களுடையது, பின் ஐந்தில் உதவித்தொகை கிடைத்தால் பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ளும், வீட்டுக்கு அதிகம் எதிர்பார்க்க முடியாது. இந்தக் கணக்கைச் சேர்க்கைக்கு முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். விண்ணப்பம் போடும்போது இரண்டு பக்கமும் போடுங்கள், மீன்வளத் தரவரிசைப் பட்டியல் வரும் வரை காத்திருங்கள், விலங்கியல் இடத்தை அதுவரை விட்டுவிடாதீர்கள்.